யார் செய்தது? – ஆங்கிலக் கடிதமும் செயப்பாட்டு வினையும்

வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். அப்படியொரு மழை நாளில், கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற பாட்டியொருவர் வாப்பாவின் கடைக்கு வந்தார். "மொதலாளி, ஒங்க மகளுக்கு இங்கிலீஸ் வரும்தானே? ஒரு கடுதாசி எழுதித் தரச் சொல்லுங்க" என்றார். வேலையை விட்டு மாதங்கள் கடந்தும் சேவைக்காலப் பணம் அவர் கைக்கு வரவில்லை. கந்தோருக்கு எழுத வேண்டும்.

நான் சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு 'ஏ' எடுத்திருந்த நேரம். கந்தோருக்குப் போகும் கடிதம் கந்தோர்க் கடிதம் போலவே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். 'இட் இஸ் கைன்ட்லி ரிகுவெஸ்டட்' என்று தொடங்கினேன். நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'மேற்படி விடயம் கவனத்திற்கு எடுக்கப்பட்டு, உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட வேண்டுமெனத் தயவுடன் வேண்டிக்கொள்ளப்படுகிறது.' பாட்டி கீழே பெருவிரல் அடையாளம் வைத்தார்.

பதில் வந்தது. என்ன பணம்? எந்த டிவிஷன்? வேலையிலிருந்து நின்ற திகதி என்ன? இந்த மூன்று கேள்விகள்தான் அதில் இருந்தன. பிழை கந்தோரில் இல்லை, என் கடிதத்தில். கேட்பவர் யார், கொடுக்க வேண்டியவர் யார், எதைக் கொடுக்க வேண்டும் என்ற எதுவுமே அதில் இல்லை. அழகாக எழுதியதாக நினைத்து, பாட்டியையே கடிதத்திலிருந்து வெளியே அனுப்பியிருந்தேன்.

மூன்று மொழியில் ஒரே விடயம்

ஆங்கிலத்தில் 'பெசிவ் வொய்ஸ்' என்று படிப்பதைத் தமிழில் செயப்பாட்டு வினை என்கிறோம். 'ஆசிரியை கடிதத்தைத் திருத்தினார்' என்பது செய்வினை. 'கடிதம் ஆசிரியையால் திருத்தப்பட்டது' என்பது செயப்பாட்டு வினை. 'ஆசிரியையால்' என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். அதன் வசதியும் ஆபத்தும் அதுதான்.

அரபு இலக்கணம் படிக்கும் நம் மாணவிகளுக்கு இது இன்னும் இலகுவாக விளங்கும். அங்கே இந்த வினைக்குப் பெயர் 'மஜ்ஹூல்'. அறியப்படாதது என்று பொருள். செய்தவர் இன்னாரென்று சொல்லாத வினை என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

பழந்தமிழ் இதை வேறு வழியில் கையாண்டது. திண்ணையை மெழுகியவர் ஒருவர் இருக்க, திண்ணையே அந்த வேலையைச் செய்ததுபோலப் பேசுவதையும் தொல்காப்பியம் வினையியலில் வழக்கென ஏற்றுக்கொள்கிறது. இன்றும் வீட்டில் 'சோறு வெந்துட்டுது', 'கதவு திறந்து கிடக்குது' என்கிறோம். 'சோறு வேகவைக்கப்பட்டுவிட்டது' என்று எந்த உம்மாவும் சொல்வதில்லை. '-ப்பட்டது' பெரும்பாலும் நம் காகிதங்களில்தான் குடியிருக்கிறது. சுற்றறிக்கைகளிலும் அறிவித்தல்களிலும் அதையே பார்த்துப் பழகியதால், ஆங்கிலம் எழுதும்போதும் அதுதான் மரியாதையான நடை என்று எண்ணிவிடுகிறோம்.

எங்கே தடுமாறுகிறோம்?

முதலாவது, நான் செய்த பிழை. 'வேண்டப்படுகிறது', 'அறியத்தரப்படுகிறது' என்று தொடங்கும் வாக்கியம். 'நான் கேட்கிறேன்' என்று எழுதுவதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. மரியாதையை 'ப்ளீஸ்' என்ற ஒரு சொல்லே தாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, இரட்டைச் செயப்பாட்டு வினை. 'கதவு திறக்கப்பட முயற்சிக்கப்பட்டது' என்பதைப் போன்ற வாக்கியங்களை ஆங்கிலத்திலும் காணலாம். முயன்றவர் ஒருவர் இருக்கிறார். அவரை முன்னால் நிறுத்தினால் 'காவலாளி கதவைத் திறக்க முயன்றார்' என்று சிக்கல் அவிழ்ந்துவிடும்.

மூன்றாவது, செயப்பாட்டு வினையே ஆகாத சொற்களை அப்படி ஆக்குவது. விபத்து நடந்தது என்பதற்கு 'வாஸ் ஹெப்பன்ட்' என்று எழுதுபவர்கள் நம்மில் பலர். 'ஹெப்பன்', 'அராய்வ்' போன்ற வினைகள் செயப்படுபொருளை ஏற்காதவை. 'ஹெப்பன்ட்' என்று மட்டும் எழுதினால் போதும். ஆனால் 'நான் பிறந்தேன்' என்பதற்கு 'ஐ வாஸ் போர்ன்' என்றுதான் எழுத வேண்டும். தமிழில் பிறப்பவர் தாமே பிறக்கிறார். ஆங்கிலத்தில் தாய் பெற்றெடுக்கிறாள், பிள்ளை பெறப்படுகிறது. ஒரு மொழியின் வினையை மறுமொழியின் அளவுகோலால் அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

எப்போது அது சரி?

ஜோர்ஜ் ஓர்வெல் 1946இல் அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி எழுதிய கட்டுரையில், செய்வினை கைகொடுக்கும் இடத்தில் செயப்பாட்டு வினை வேண்டாம் என்று விதித்தார். ஆனால் அதே கட்டுரையில் அவரும் பல இடங்களில் செயப்பாட்டு வினையில் எழுதியிருக்கிறார். ஆகவே அதை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டப்படுகிறது, உருட்டப்படுகிறது, நொதிக்க விடப்படுகிறது, உலர்த்தப்படுகிறது. அங்கே நாம் அறிய விரும்புவது கொழுந்துக்கு என்ன நடக்கிறது என்பதை. இயந்திரத்தை இயக்கியவரின் பெயரை அல்ல. விஞ்ஞானப் பாடத்தில் பரிசோதனையை விவரிப்பதும் இப்படித்தான். கடையின் பூட்டு இரவில் உடைக்கப்பட்டிருந்தால், உடைத்தவர் யாரென்று தெரியாதபோது வேறு எப்படிச் சொல்வது? செய்தவன் யாரென்று எல்லோருக்கும் தெரிந்த இடமும் உண்டு. நோன்பை விதியாக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 183ஆம் வசனத்தில் வினை 'மஜ்ஹூல்' வடிவில்தான் இருக்கிறது. விதித்தவன் யார் என்று எந்த முஃமினும் கேட்க வேண்டியதில்லை.

செய்தவரைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விடுவதுதான் குற்றம். நம் ஊர்ச் சரித்திரத்தையே பாருங்கள். '1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிடப்பட்டது', '1885இல் நானுஓயா வரை ரயில் பாதை அமைக்கப்பட்டது' என்று வாசிக்கிறோம். முதலாவதில் ஜேம்ஸ் டெய்லரின் பெயராவது நமக்குத் தெரியும். காட்டை வெட்டியவர்களும் கல்லுடைத்தவர்களும் '-ப்பட்டது' என்ற சொல்லுக்குள் மறைந்துபோனார்கள். 'மலையக மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது' என்பதும் அப்படித்தான். '1948இல் நாடாளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது' என்று எழுதிப் பாருங்கள். அதே செய்திதான். ஆனால் இப்போது அதற்குப் பொறுப்பாளி இருக்கிறார்.

ஒரே ஒரு கேள்வி

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினையின் பக்கத்திலும் 'யார்?' என்று கேளுங்கள். பதில் வாக்கியத்திலேயே இருந்தால் அடுத்ததற்குப் போகலாம். பதில் உங்களுக்குத் தெரிந்தும் வாக்கியத்தில் இல்லையென்றால், அவரை எழுவாயாக வைத்துத் திருப்பி எழுதுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை எழுதிய ஆங்கிலக் கடிதத்தைச் சரிபார்க்க உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். யார் கேட்கிறார், யாரிடம் கேட்கிறார், என்ன கேட்கிறார், எப்போதைக்குள் கேட்கிறார் என்பவை உங்கள் காதில் விழாவிட்டால் கடிதத்தில் குறை இருக்கிறது.

பாட்டிக்கு இரண்டாவது கடிதம் எழுதும் முன் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு, வேலையிலிருந்து நின்ற 30 நாட்களுக்குள் தொழில்தருநர் பணிக்கொடையைச் செலுத்த வேண்டும் என்கிறது அது. சட்டமே செலுத்த வேண்டியவரைச் சுட்டிச் சொல்லும்போது நான் ஏன் மறைக்க வேண்டும்?

இம்முறை சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினேன். நான் உங்கள் தோட்டத்தில் இந்த டிவிஷனில் வேலை செய்தேன். இந்த வருடம் தொடங்கினேன், இந்தத் திகதியில் நின்றேன். என் சேவைக்காலப் பணத்தை நீங்கள் இன்னும் தரவில்லை. எந்தத் திகதியில் தருவீர்கள் என்று தயவுசெய்து எழுத்தில் அறிவியுங்கள்.

பாட்டிக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கடைப் பலகையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டுவிட்டு, "இப்பத்தான் புள்ள, நான் பேசுற மாதிரி இருக்கு" என்றார். அடுத்த பதிலில் கேள்வி எதுவும் இருக்கவில்லை. கந்தோருக்கு வர வேண்டிய திகதி மட்டும் இருந்தது.