உஷார்! பிள்ளையை அடக்கும் மாத்திரை

சேரப்பணஞ்சேரி, ஒரகடம், வல்லம் பக்கம் ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் அம்மா அப்பாக்களே, கையில் இருக்கும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு வீட்டிலுள்ள மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் ரிஸ்பெரிடோன் என்றோ அரிபிப்ரசோல் என்றோ இருக்கிறதா? டாக்டர் பிள்ளையை நேரில் பார்த்து அதை எழுதிக் கொடுத்தது கடைசியாக எப்போது?

கம்பெனி வேலையை நம்பி வெளியூரிலிருந்து வந்து இங்கே வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். நைட் ஷிஃப்ட் முடித்த அப்பா பகலில் தூங்கியாக வேண்டும். பிள்ளையோ கத்துகிறது, தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். அந்த நேரத்தில், சொந்த ஊர் டாக்டர் என்றோ எழுதிய சீட்டையோ வெறும் காலி அட்டையையோ மெடிக்கலில் நீட்டி மறுபடி வாங்கிவிடத்தான் மனசு சொல்லும். செய்யாதீர்கள்! இவை ஷெட்யூல் எச் மருந்துகள். சீட்டு இல்லாமல் விற்பதே சட்டப்படி குற்றம்.

ஆட்டிசத்தைக் குணமாக்கும் மாத்திரை உலகத்தில் எங்குமே கிடையாது. அமெரிக்காவில் 2006-ல் ரிஸ்பெரிடோனுக்கும் 2009-ல் அரிபிப்ரசோலுக்கும் ஆட்டிசப் பிள்ளைகளுக்கென அனுமதி கொடுத்தது கடும் எரிச்சல், மூர்க்கம், தன்னையே காயப்படுத்திக்கொள்வது ஆகியவற்றுக்காக மட்டுமே. பேச்சு வரவைக்க அல்ல, வீட்டை அமைதியாக்கவும் அல்ல. தன்னையே கடித்துக் குதறிக்கொள்ளும் பிள்ளைக்கு இந்த மருந்து பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆட்டிசத்தோடு மனப்பதற்றமோ மனச்சோர்வோ சேர்ந்து வந்தால் மனநல டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். யாருடைய கண்காணிப்பும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் மருந்துதான் என்னை நடுங்க வைக்கிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 3, 4 வாரத்தில் பலனைப் பார்க்கச் சொல்கிறது. 6 வாரமாகியும் சொல்லும்படியான பலன் இல்லையென்றால் நிறுத்தச் சொல்கிறது.

இந்த மாத்திரைகளால் அடங்காத பசி வரலாம், எடை ஏறலாம், ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் கூடலாம். ரிஸ்பெரிடோன் சாப்பிடும் ஆண் பிள்ளைக்குக்கூட மார்பு வீங்கலாம். எடையையும் ரத்தத்தையும் அவ்வப்போது பரிசோதிக்கச் சொல்லி நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டாலோ, கண் மேலே சொருகினாலோ, உடம்பு விறைத்துக் காய்ச்சலும் மயக்கமும் சேர்ந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். சாமி வந்திருக்கிறது, வைரல் காய்ச்சல் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

இதைப் படித்துவிட்டு இன்றே மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது! திடீரென நிறுத்தினால் பழைய மூர்க்கம் இரட்டிப்பாகத் திரும்பலாம். டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தூங்க வைப்பதற்காகச் சளி, இருமல் சிரப் ஊற்றிக் கொடுக்கும் பழக்கத்தையும் அடியோடு விட்டுவிடுங்கள்.

நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று அடிக்கவும் கடிக்கவும் தொடங்கினால் முதலில் பல், காது, வயிறு பாருங்கள். சொத்தைப் பல் வலியையோ நாலு நாள் மலச்சிக்கலையோ பேச்சு வராத பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்? வலிப்பு நோயும் ஆட்டிசத்தோடு சேர்ந்து வரக்கூடியது. வீடு மாறியதா, பள்ளியில் டீச்சர் மாறினாரா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எங்கே போவது என்று திகைக்க வேண்டாம். இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் பிள்ளைக்கும் அதில் சிகிச்சை உண்டு. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கின்றன. மத்திய அரசின் நிராமயா காப்பீடு ஆட்டிசப் பிள்ளைகளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வெளிநோயாளிச் செலவும் மருந்துச் செலவும் அதில் அடங்கும். நடு ராத்திரியில் என்ன செய்வதென்று தெரியவில்லையா? டெலி மானஸ் மனநல உதவிக்கான இலவச எண் 14416. தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.