மணல் மிதிக்கும் காலும் பனி மிதிக்கும் காலும்

கல்முனைக் கடற்கரையிலே அசர் தொழுகைக்குப் பின் வெயில் சாயும் வேளையிற் பந்தாட வரும் இளைஞர், ஆட்டத்துக்கு முன்னர் கரையோரமாகச் சிறிது தூரம் ஓடுவதுண்டு. அலை வந்து நனைத்துச் சென்ற ஈரமணலில் ஓடும்வரை அவர்களுக்குச் சிரமம் எதுவும் தோன்றுவதில்லை. தோணிகள் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் உலர்மணலுக்கு ஏறியதுமே கால் கனக்கிறது, மூச்சு வாங்குகிறது. ஓடியவன் அவனே, கடற்கரையும் அதுவே. ஆனால் மிதித்த கால் எழும்புவதற்கு முன் மணல் விலகிக் கொடுத்துவிடுகிறது. காலின் வலிமையில் ஒரு பகுதி உடலை முன்னே செலுத்தாமல் மணலைப் பின்னே தள்ளுவதிற் கழிந்துபோகிறது. பெல்சிய நாட்டு ஆராய்ச்சியாளர் இதனை அளந்து 1998ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உறுதியான நிலத்தில் ஓடுவதற்குத் தேவையான சக்தியைப்போல 1.6 மடங்கு உலர்மணலில் ஓடுவதற்கு வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. கரைவலை இழுப்போர் இதனை எந்தக் கருவியுமின்றி அறிவர்.

மணலுக்குரிய இக்குணமே உலகின் குளிர்நாடுகளிற் பனிக்கும் உண்டு. மாரிகாலத்திலே வெண்பனி மூடிய மலைப்பாதைகளில் மைல் கணக்காக ஓடும் ஒரு விளையாட்டு அந்நாடுகளில் வளர்ந்திருக்கிறது. பனியையே காணாத கடற்கரைவாசிக்கு இது விந்தையாகத் தோன்றலாம். எனினும் அதன் நுட்பங்களிற் பாதியை மணலைக் கொண்டும், மறுபாதியை வாடைக்காலக் கடலைக் கொண்டும் அவன் விளங்கிக்கொள்ள முடியும்.

தமிழிற் 'பனி' என்ற சொல் ஒன்றே பல பொருள்களைச் சுமக்கிறது. புல்நுனியில் விடியற்காலையில் நிற்கும் துளியும் பனி. பாதையை மறைக்கும் மூடுபனியும் பனி. இமயத்தைப் போர்த்தியிருப்பதும் பனி. முன்பனி, பின்பனி என்று பருவம் வகுத்த முன்னோர் கண்டது பெரும்பாலும் முதல் இரண்டையுமே. வானத்திலிருந்து பஞ்சுபோல உதிரும் வெண்பனி இலங்கையில் விழுவதில்லை. ஆயினும் தரை உறைவதுண்டு. ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்துக்கு 6.5 பாகை வீதம் வெப்பம் குறைந்து செல்வதால், கல்முனையில் 28 பாகையாக இருக்கும் வெப்பநிலை, 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 16 பாகையளவில் நிற்கிறது. தை, மாசி மாதங்களிலே முகிலும் காற்றும் இல்லாத இரவுகளில் அது இன்னும் இறங்கி, ஹோட்டன் சமவெளியின் புற்பரப்பிலும் நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களிலும் உறைபனி வெள்ளையாகப் படிந்துவிடும். தேயிலைக் கொழுந்து கருகுவது அக்காலத்திலேதான்.

மலைப்பாதை கிழக்குக் கரையின் முஸ்லிம்களுக்குப் புதியதன்று. கண்டி இராச்சியக் காலத்திலே உப்பும் கருவாடும் ஏற்றிய பொதிமாட்டுத் தவளங்களை நடத்திக்கொண்டு அவர்கள் மலைநாட்டுக்குச் சென்றனர். பாக்கு முதலிய பொருள்களுடன் திரும்பினர். மழை பிடிக்கும் முன் கணவாயைக் கடக்க வேண்டும், இருட்டும் முன் தங்குமிடம் சேர வேண்டும் என்ற கணக்கு அவர்களுடைய தொழிலின் பாதி. இன்று பனிமலையில் ஓடுபவனுக்கு வேண்டியதும் முதலில் அந்தக் கணக்குத்தான். கால்வலிமை அதற்கு அடுத்ததே.

புதிதாக விழுந்த பனி உலர்மணலைப் போன்றது. கால் புதையும், முழங்காலை உயர்த்தி, எட்டைக் குறுக்கி, மெல்ல ஓட வேண்டும். பலர் மிதித்து இறுகிய பனி ஈரமணலைப் போன்றது. அதில் ஓட்டம் எளிது. பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்த பனிக்கு மட்டும் கடற்கரையில் உவமை இல்லை. அது கண்ணாடி. அதன்மேல் ஓடுவோர் சப்பாத்தின் அடியிற் சிறு இரும்பு முட்கள் பொருந்திய வாரைப் பூட்டிக்கொள்கின்றனர். எட்டு நீளமானால் கால் முன்னே வழுக்கும் என்பதால், பாதம் உடலுக்கு நேர்கீழே பதியும்படி குறுகிய அடிகளாக வைக்கின்றனர். ஏறுவதிலும் இறங்குவதே ஆபத்து.

ஆனால் பனிமலை ஓட்டத்தில் உயிரைக் கொள்ளக்கூடியது வழுக்கல் மட்டுமன்று, குளிரும்தான். அதிலும் வெறுங்குளிரைவிட ஈரமும் காற்றும் சேர்ந்த குளிரே கொடியது. ஓடுகின்ற உடல் அடுப்பைப்போல வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டேயிருக்கும். ஓடும்வரை குளிர் தெரியாது; வியர்வையும் பெருகும். களைத்து நின்றவுடன் அடுப்பு தணிகிறது, நனைந்த துணியோ உடலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. எனவே இந்த ஊர்களிலே வெயிலுக்கு உகந்த பருத்தியுடை அங்கே பகையாகிவிடுகிறது. பருத்தி நீரை உறிஞ்சி வைத்திருக்கும். கம்பளி நனைந்தபோதும் ஓரளவு சூடு காக்கும். ஆகவே உடலோடு ஒட்டி மெல்லிய கம்பளியோ செயற்கை நூலாடையோ அணிந்து, அதன்மேல் காற்றுப் புகாத மேலங்கியைப் போட்டுக்கொள்வது வழக்கம். காற்றின் கொடுமையும் சிறிதன்று. உறைநிலைக்குக் கீழே 10 பாகையில், மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது உறைநிலைக்குக் கீழே 20 பாகைபோலவே இருக்கும்.

இந்தியாவின் லடாக்கிலே, கடல்மட்டத்துக்கு மேல் 4200 மீற்றருக்குச் சற்றே உயர்ந்த பாங்கொங் ஏரி மாரியில் உறைந்து பாறைபோலாகிவிடும். 2023 பெப்ரவரி 20ஆம் நாள், 75 பேர் அந்த உறைந்த ஏரியின் மேல் 21 கிலோமீற்றர் ஓடினர். அவ்வுயரத்திலே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கல்முனையிற் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்களவே. கடற்கரையிலிருந்து சென்று மறுநாளே அங்கு ஓட எவராலும் இயலாது. பல நாள் தங்கி, உடலைப் பழக்க வேண்டும். அந்த ஓட்டத்துக்கு 'இறுதி ஓட்டம்' என்று பெயரிட்டிருந்தனர். வெப்பம் ஏறும் உலகில் ஏரி உறையாமற் போய்விடலாம் என்பதை உணர்த்துவதே அப்பெயரின் நோக்கம்.

ஆயத்தம் குறைந்தால் நேர்வது என்ன என்பதைச் சீனாவின் கான்சு மாகாணம் காட்டிற்று. 2021 மே 22ஆம் நாள் அங்கே 100 கிலோமீற்றர் மலையோட்டம் ஒன்று நடந்தது. பனிக்காலமும் அன்று, வசந்தம். காலையில் 172 பேர் புறப்பட்டனர். பலர் அரைக்காற்சட்டையும் மெல்லிய சட்டையுமே அணிந்திருந்தனர். காற்றுப் புகாத மேலங்கி, கொண்டுவந்தால் நல்லது என்ற பட்டியலில் இருந்ததேயன்றிக் கட்டாயமாக்கப்படவில்லை. நண்பகலளவில், வாகனம் ஏற முடியாத செங்குத்தான பகுதியில் அவர்கள் ஏறிக்கொண்டிருந்தபோது, ஆலங்கட்டியும் உறையும் மழையும் கடுங்காற்றும் ஒருசேர வந்தன. 21 பேர் மாண்டனர். நாட்டின் தலைசிறந்த மலையோட்ட வீரர் லியாங் சிங் அவர்களுள் ஒருவர். வலிமை மிக்கவனே முதலில் உயர்ந்த இடத்தை அடைந்தான். ஆகையால் புயலின் நடுவே அகப்பட்டவனும் அவனே.

அன்று மழைக்கு ஒதுங்கி ஒரு மலைக்குடைவில் இருந்த ஆட்டிடையர் சூ கேமிங், பாதையில் விறைத்து நின்ற ஒருவனைக் கண்டு உள்ளே அழைத்து வந்தார். தீ மூட்டினார், நனைந்த உடைகளைக் களைந்து உலர்த்தினார், தாம் வைத்திருந்த போர்வையாற் போர்த்தினார். மீண்டும் வெளியே சென்று தேடினார். ஆறு பேர் அவரால் உயிர் தப்பினர். பெருந்தொகையான வீரர்களிடம் அன்று இல்லாதிருந்த பொருள்கள் எல்லாம் அந்த இடையரிடம் இருந்தன: தீ, போர்வை, வானிலையை மதித்து ஒதுங்கும் பழக்கம்.

குளிர் உடலை வெல்லும் முறை படிப்படியானது. 37 பாகையான உள்வெப்பம் 35க்குக் கீழே இறங்கும்போது முதலிற் கடும் நடுக்கம் தோன்றும். பின்னர் விரல் சொற்கேளாது; நாக்குக் குழறும்; கால் தடுமாறும். அதன்பின் நடுக்கம் நின்றுவிடும். அதனைக் குணமென்று எண்ணுவது பெருந்தவறு; உடல் வெப்பம் உண்டாக்கும் முயற்சியைக் கைவிட்டதற்கு அடையாளம் அதுவே. சிலர் அந்நிலையில் உடல் எரிவதாக உணர்ந்து உடையைக் கழற்றி எறிவதும் உண்டு.

இவ்வளவும் பனிமலைக்கு மட்டும் உரியதன்று. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு மழை பெய்யும்போது கடலுக்குப் போன தோணி இயந்திரம் பழுதாகி இரவு முழுதும் மிதக்க நேர்ந்தால், வெப்பநிலை 24 பாகையாக இருந்தாலும், நனைந்த சாரத்தோடு காற்றில் இருப்பவனுக்கு இதே நடுக்கமும் இதே குழறலும் வரக்கூடும். அவனைக் கரைசேர்த்தவர் செய்ய வேண்டியதும் சூ கேமிங் செய்ததே. முதலில் காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத்துணியை அகற்றித் துவட்டி, உலர்ந்த போர்வையாற் தலையையும் சேர்த்து மூட வேண்டும். கைகால்களைத் தேய்க்கலாகாது, தேய்த்தால் குளிர்ந்த குருதி நெஞ்சை நோக்கி விரையும். நினைவு தெளிவாக இருந்து விழுங்கவும் முடிந்தால், சீனி கூட்டிய இளஞ்சூடான தேநீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். நடுக்கம் நின்று மயக்கம் கண்டவனை அசைக்காமற் கிடத்தி, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.