சேற்றில் இறங்குமுன்

“சேற்றில் கால் வைத்தால்தான் சோற்றில் கை வைக்க முடியும்” என்பது நம் உழவர் வீட்டு மொழி. வயலில் இறங்குவோர் வயிற்றுக்காக இறங்குகின்றனர். கரையேறியதும் காலைக் கழுவிவிட்டுச் சேற்றை மறக்கவே விரும்புகின்றனர். ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், வாரமெல்லாம் நாற்காலியில் அமர்ந்து அலுவல் பார்ப்போர், விடுமுறை நாளில் பணம் கட்டிப் பெயர் கொடுத்துச் சேற்றில் இறங்குகின்றனர் என்றால் நமக்கு நகைப்பு வருகிறதன்றோ? முழங்காலளவு சேற்றில் ஓடுகின்றனர். முள்கம்பிக்கு அடியில் மார்பால் ஊர்ந்து செல்கின்றனர். பனிக்கட்டி மிதக்கும் தொட்டியில் மூழ்கி எழுகின்றனர். உயர்ந்த மரச் சுவர்களில் ஏறிக் குதிக்கின்றனர். இதற்குத் தடைப் பாதை ஓட்டம் என்று பெயர்.

நகைத்து ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், இவ்வோட்டத்திற்கு முறையாக ஆயத்தம் செய்வோர் கடைப்பிடிக்கும் வழிகளை ஆராய்ந்தபோது, துணிவைப் பற்றி நாம் கொண்டிருந்த எண்ணம் ஒன்று மாறியது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். மேலும், அந்நாடுகளில் அலுவலகத் தோழர்கள் குழுவாகச் சேர்ந்து இதில் ஓடுவது வழக்கம். அங்கே பணிபுரியும் நம் மகனோ மகளோ, “எல்லாரும் ஓடுகிறார்கள், நானும் பெயர் கொடுத்துவிட்டேன்” என்று தொலைபேசியில் சொல்லும் நாள் வரலாம். அன்று பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

தோன்றிய வரலாறு

ஜார்ஜ் எபேர் என்பவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, 1875இல் பிறந்தவர். 1902ஆம் ஆண்டு மே மாதம் மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்து, சேன் பியேர் நகரம் அழிந்தது. அப்போது மக்களை மீட்கும் பணியில் எபேரும் ஈடுபட்டார். ஆபத்து வேளையில் தானும் தப்பி, பிறரையும் தப்புவிக்க உதவாத உடல்வலிமையால் என்ன பயன் என்னும் எண்ணம் அவரது பிற்காலப் பணிக்கெல்லாம் அடிப்படையாயிற்று. நடத்தல், ஓடுதல், தாண்டுதல், தவழ்தல், ஏறுதல், சமநிலை காத்தல், எறிதல், தூக்குதல், தற்காத்தல், நீந்துதல் எனப் பத்துத் திறன்களை வகுத்து, அவற்றைப் பழக்கும் பாதைகளை அவர் அமைத்தார். பிறருக்குப் பயன்படவே வலிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் வகுத்த பயிற்சி பிரெஞ்சுப் படைவீரரிடையே வேரூன்றியது.

படைமுகாமுக்கு உரியதாயிருந்த தடைப் பாதையைப் பொதுமக்களின் போட்டியாக்கியவர்களுள் முன்னோடி, இங்கிலாந்தைச் சேர்ந்த பில்லி வில்சன். முன்னாள் படைவீரரான இவர், உல்வர்ஹாம்ப்டன் நகருக்கு அருகே பெர்ட்டன் என்னும் ஊரிலுள்ள தம் பண்ணையில், 1987ஆம் ஆண்டு ‘டஃப் கை’ என்னும் ஓட்டத்தைத் தொடங்கினார். சனவரி மாதக் கடுங்குளிரில் அது நடந்தது. பின்னர் 2010இல் அமெரிக்காவில் ‘டஃப் மட்டர்’, ‘ஸ்பார்ட்டன் ரேஸ்’ என்னும் இரு நிறுவனங்கள் தோன்ற, இவ்வோட்டம் பல நாடுகளுக்கும் பரவியது. 2020இல் இரண்டாவது நிறுவனம் முதலாவதை வாங்கிக்கொண்டது. இன்று 5 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு. 21 கிலோமீட்டரில் 30 தடைகளைக் கடக்கும் ஓட்டமும் உண்டு. 2028இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் விழாவில், நவீன ஐந்திறப் போட்டியில் குதிரையேற்றத்திற்குப் பதிலாகத் தடைப் பாதை இடம்பெறவும் முடிவாகியுள்ளது. ஆகவே இதனை வெறும் கோமாளிக் கூத்தென்று தள்ளிவிடுவதற்கில்லை.

காலும் கையும்

ஆயத்தத்திற்கு மூன்று மாத காலமாவது ஒதுக்குவது நலம். இதய நோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவை உடையோர் பெயர் கொடுக்குமுன்னரே மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

முதலில் ஓட்டம். வாரத்திற்கு மூன்று நாள் போதும். தொலைவைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். ஆனால் ஒரே சீராக ஓடிப் பழகியவர் தடைப் பாதையில் திணறிப் போவார். அங்கே ஓடுவது, நிற்பது, ஏறுவது, மறுபடி ஓடுவது என்று மாறிமாறி வரும். எனவே பயிற்சியிலும் ஐந்து நிமிடம் ஓடி, நின்று பத்துத் தண்டாலும் இருபது பஸ்கியும் எடுத்து, மூச்சு வாங்கும்போதே மீண்டும் ஓடிப் பழக வேண்டும். மேட்டில் ஏறி ஓடுவது மிகவும் நன்று.

அடுத்தது கை. கால் தளர்வதற்கு முன் கைப்பிடி தளர்ந்து விழுவோரே பலர். ஏணியைப் படுக்கவைத்தாற்போல் தலைக்குமேல் அமைந்த கம்பிகளைப் பற்றிப் பற்றித் தாவும்போது, முழு உடலையும் விரல்களே தாங்குகின்றன. குறுக்குக் கம்பி ஒன்றைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தால் இது விளங்கும். முதல் நாள் பத்து வினாடி தொங்குவதே பலருக்குப் பெரும்பாடு. நாள்தோறும் சற்றே கூட்டி ஒரு நிமிடத்தை எட்டலாம். நீர் நிறைந்த இரு வாளிகளைக் கைக்கொன்றாகத் தூக்கி நடப்பதும் நல்ல பயிற்சியே. கிணற்றிலிருந்து வீட்டுக்குக் குடம் சுமந்த நம் தாய்மார் இதை அறிவர்.

கயிறு ஏறுவதில் ஒரு நுட்பம் உண்டு. கைவலிமையால் மட்டும் ஏற முயல்வோர் பாதியில் சோர்ந்துவிடுவர். கயிற்றை ஒரு பாதத்தின் மேலும் மறு பாதத்தின் கீழுமாக இறுக்கி, காலால் உந்தி எழுவோர் எளிதில் ஏறுவர். சேற்றிலும் அவ்வாறே. நீண்ட அடி வைத்தால் கால் ஆழப் புதையும். சேறு பாதத்தைக் கவ்வி இழுக்கும். சிறு அடிகளாக வைத்து, உடலை முன்னே சாய்த்துச் செல்ல வேண்டும். ஆழம் மிகுந்தால் நாணாமல் கைகளையும் ஊன்றித் தவழ வேண்டும். உடற்பாரம் பரவினால் புதைவது குறையும்.

உடையும் காலணியும்

நம் நாட்டு வெயிலுக்கு இதமான பருத்தி ஆடை இவ்வோட்டத்திற்கு உதவாது. அது நீரை உறிஞ்சிக் கனக்கும். உடலோடு ஒட்டிக் குளிரை ஏற்றும். உடலைப் பிடித்தாற்போல் அமையும் நைலான் வகை ஆடையே ஏற்றது. காலணி அடிப்பாகம் ஆழ்ந்த வெட்டுகளுடன், உட்புகுந்த நீர் எளிதில் வடிந்தோடும் தன்மையதாயிருக்க வேண்டும். அன்றைக்கென்று புதுக் காலணி வாங்கி அணிவது கொப்புளத்தை விலைக்கு வாங்குவதாகும். நகங்களை வெட்டிவிட வேண்டும். மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். திருமண மோதிரமாயினும் வீட்டிலேயே இருக்கட்டும். சுவர் விளிம்பிலோ கம்பியிலோ மோதிரம் சிக்கினால் விரலே சிதைந்துபோகும்.

சேற்றைத் தூய்மையென்று நம்புவதும் தவறு. 2012 அக்டோபரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், மாட்டுப் பண்ணை நிலத்தில் நடந்த தடைப் பாதை ஓட்டத்தில் கலந்துகொண்ட 22 பேர் வயிற்றுப்போக்கால் துன்புற்றனர். சாணம் கலந்த சேற்று நீரைத் தம்மையறியாமல் விழுங்கியதன் வழியே காம்பைலோபாக்டர் என்னும் கிருமி பரவியதாக ஆய்வு காட்டியது. 2000ஆம் ஆண்டில் மலேசியாவின் சபா மாநிலத்தில் நடந்த நீண்ட சாகசப் போட்டிக்குப் பின், ஆற்று நீரில் நீந்திய வீரர் பலரை எலிக்காய்ச்சல் தாக்கியது. எனவே சேற்றில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். உடலில் புண் இருப்பின் ஓட்டத்தைத் தவிர்க்க வேண்டும். ஓட்டத்தில் கீறல் பட்டால், முடிந்தவுடன் நல்ல நீரும் சோப்பும் கொண்டு கழுவ வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். பின்னர்க் காய்ச்சல் கண்டால், சேற்றில் இறங்கிய செய்தியை மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும்.

குளிர்நீர்

இவையெல்லாம் உடலை வருத்தும் தொல்லைகள். உயிருக்கே உலை வைக்கக் கூடியது நீர்.

குளிர்ந்த நீரில் திடீரென்று இறங்கினால், எவ்வளவு வலியவராயினும் முதலில் ஒரு பெருமூச்சை உள்ளிழுப்பர். அது நம் கட்டுப்பாட்டில் இல்லாத செயல். அவ்வேளையில் தலை நீருக்குள் இருந்தால், காற்றுக்குப் பதிலாக நீரே உட்செல்லும். அதன்பின் ஓரிரு நிமிடங்கள் மூச்சு இரைத்துக்கொண்டே இருக்கும், இதயம் படபடக்கும். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் இதனை நெடுங்காலம் ஆராய்ந்த பேராசிரியர் மைக் டிப்டன், சில முறை சிறிது நேரம் குளிர்நீரில் இறங்கிப் பழகினாலே இவ்வதிர்ச்சி பெரிதும் குறையும் என்று காட்டியுள்ளார். துணையின்றி இப்பயிற்சியில் இறங்கலாகாது. தவறி விழுந்தால் உடனே நீந்த முயலாமல், மல்லாந்து மிதந்து, மூச்சு அடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு உயிர்மீட்புப் படகுச் சங்கம் மக்களுக்குக் கற்பித்துவரும் பாடம்.

2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த டஃப் மட்டர் ஓட்டத்தில், 28 வயது இளைஞர் ஒருவர் தோழர் குழுவோடு கலந்துகொண்டார். உயர்ந்த மேடையிலிருந்து கலங்கிய நீரில் குதிக்க வேண்டிய தடை வந்தது. குதித்தவர் மேலே வரவில்லை. தோழர்கள் பதறிக் குரல் கொடுத்தனர். நீரிலிருந்து அவரை வெளியே எடுக்கச் சில நிமிடங்கள் கடந்துவிட்டன. மறுநாள் மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார்.

யார்மேல் குறை என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. ஆனால் இளைஞர் ஒவ்வொருவரையும் ஒன்று கேட்கிறோம். மேடையின் விளிம்பில் நிற்கிறீர்கள். பின்னால் வரிசை நெருக்குகிறது. கீழே தோழர்கள் கைதட்டி அழைக்கின்றனர். உங்களுக்கு நீச்சல் சரியாக வராது. அப்போது, “என்னால் இயலாது” என்று கூறி, ஏறிய படிகளிலேயே இறங்கிவர உங்களுக்குத் துணிவு உண்டா? குதிப்பதற்கு வேண்டிய துணிவைவிட இதற்கு வேண்டிய துணிவு பெரிது. டஃப் மட்டர் ஓட்டத்தில் இயலாத தடையை விட்டு விலகிச் செல்ல இடமுண்டு. வேறு சில ஓட்டங்களில் விலகுவோருக்குத் தண்டனையாகக் கூடுதல் பயிற்சியோ கூடுதல் ஓட்டமோ உண்டு. அத்தண்டனையை மகிழ்ந்து ஏற்கலாம். தன் எல்லையை ஓட்ட நாளுக்கு முன்னரே அறிந்து, அதனைத் தோழரிடம் கூசாமல் சொல்லிவைப்பதே ஆயத்தங்களுள் தலையாயது.

கடைசி ஆள்

இனி மரச் சுவர். பன்னிரண்டடிச் சுவர் முன் தனித்து நிற்பவர், எத்தனை தண்டால் எடுத்தவராயினும் பெரும்பாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். குழுவினரோ எளிதில் ஏறுகின்றனர். ஒருவர் சுவரில் முதுகு சாய்த்து, கைகளைக் கோத்துப் படியாக்கித் தருகிறார். மற்றவர் அதில் கால் வைத்து ஏறுகிறார். ஏறியவர் அப்பால் குதித்து ஓடிவிடாமல், விளிம்பிலேயே படுத்துக் கை நீட்டி அடுத்தவரைத் தூக்குகிறார். முன்பின் அறியாதவரும் அங்கே கை கொடுக்கின்றனர்.

எல்லாரும் ஏறியபின், படியாக நின்றவர் மட்டும் கீழே எஞ்சுகிறார். அவருக்குப் படியாக நிற்க ஒருவருமில்லை. பெரும்பாலும் குழுவில் வலியவரே கடைசியாக நிற்பார். அவர் பின்னோக்கிச் சென்று, ஓடிவந்து, சுவரில் காலை உதைத்து எழும்பிக் கை நீட்டுவார். மேலே இருவர் குனிந்து அக்கைகளைப் பற்றுவர். அத்தனை பேரைத் தூக்கிவிட்டவரும் இறுதியில் பிறர் கையை நம்பியே எழும்ப வேண்டியிருக்கிறது. எபேர் கருதிய வலிமை இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. இதனைப் பயில முற்றத்துத் தரையும், உயரம் குறைந்த சுவரும், நாலு தோழரும் இருந்தால் போதும்.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை தொலைபேசியில் அழைத்துச் செய்தி சொன்னால் கடிந்துகொள்ளாதீர்கள். எத்தனை வாரம் பயின்றாய் என்று கேளுங்கள். நீச்சல் தெரியுமா, தெரியாதென்றால் அதைத் தோழரிடம் சொன்னாயா என்று கேளுங்கள். ஓடி முடித்ததும் ஈர உடையோடு நில்லாமல், உலர்ந்த உடை மாற்றி, சூடாக ஏதேனும் பருகச் சொல்லுங்கள். சுவரடியில் கடைசியாக நிற்கப் போவது யார் என்றும் ஒருமுறை கேட்டு வையுங்கள்.