ஐந்து பேருக்கு ஒரு வீடு

மயிலாப்பூரில் வாடகைக்கு வீடு தேடுகிறவர் வீட்டுக்காரரைப் பார்ப்பதற்கு முன்பே தரகரிடம் தேர்வு எழுதியாக வேண்டும். ஃபேமிலியா? எத்தனை பேர்? சார் எங்கே வேலை? வெஜ்தானே? இதுவரை எங்கே குடியிருந்தீர்கள்? எல்லாவற்றுக்கும் ஒழுங்கான பதில் இருந்தால்தான் சாவி வெளியே வரும்.

இப்படி ஒரு குடித்தனத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்து பெண்கள். யாருக்கும் யாரும் ரத்த உறவில்லை. ஒருவருக்குத் தமிழ் தெரியும். இன்னொருவர் தெலுங்கில் மட்டும் பேசுவார். சில வருடம் தெருவில், சில வருடம் மனநலக் காப்பகத்தில் கழித்தவர்கள். ‘சார்’ என்று காட்ட ஆளில்லை. இதுவரை குடியிருந்த முகவரி என்று எழுத எதுவுமில்லை. அந்தத் தரகர் போனை வைத்துவிடுவார்.

இவர்களுக்கு வாடகை வீடு பிடித்துக் குடிவைப்பதையே ஒரு திட்டமாக நடத்திவருகிறது சென்னையின் ‘பான்யன்’ அமைப்பு. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல், தங்கள் இருபதுகளில் இருந்தபோது தொடங்கியது அது. மனநலம் குன்றித் தெருவில் அலைந்த பெண்களை அழைத்துவந்து, மருத்துவம் பார்த்து, ஊர் கண்டுபிடித்து, குடும்பத்தில் சேர்ப்பதுதான் ஆரம்பத்தில் வேலை. முகப்பேரில் இருக்கும் ‘அடைக்கலம்’ அப்படி வந்தது.

ஆனால், குணமான எல்லோரும் ஊர் திரும்புவதில்லை. சிலருக்கு வீட்டு நினைவே இருக்காது. சிலரை வீடு ஏற்காது. அடித்துத் துரத்திய வீட்டுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியில் என்ன தவறு? இவர்கள் காப்பகத்திலேயே தங்கிவிடுகிறார்கள். நாடு முழுக்க இதே கதைதான். அரசு மனநல மருத்துவமனைகளில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஓராண்டைத் தாண்டி அங்கேயே கிடப்பதாக 2019-இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு சொன்னது.

முதலில் கோவளத்தில் சிறுசிறு வீடுகளாகச் சேர்ந்து வாழும் ஏற்பாட்டை பான்யன் செய்து பார்த்தது. 2015-இல் தொடங்கிய ‘ஹோம் அகெய்ன்’ அதிலிருந்து ஒரு படி மேலே போனது. வளாகமே வேண்டாம், ஊருக்கு நடுவே சாதாரணத் தெருவில் சாதாரண வீடு போதும் என்றார்கள். நாலைந்து பேர் ஒரு வீடு. யாரோடு யார் என்பதை அவர்களே முடிவுசெய்வார்கள். அதே வட்டாரத்திலிருந்து வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்த ஓர் உதவியாளர் கூடவே தங்குவார், அல்லது தேவைக்கேற்ப வந்துபோவார். செவிலியர், சமூகப் பணியாளர், மருத்துவர் என்று ஒரு குழு அவ்வப்போது வந்து பார்த்துப் போகும். காய்கறி வாங்குவது, சமைப்பது, கோயிலுக்குப் போவது, அக்கம்பக்கத்தில் சண்டை போடுவது எல்லாம் குடியிருப்பவர்கள் பாடு. கேரளம், மகாராஷ்டிரம், அசாம் வரை இது பரவியிருக்கிறது. காப்பகத்திலேயே தொடர்ந்தவர்களோடு ஒப்பிட்டபோது, இந்த வீடுகளில் இருந்தவர்கள் வெளியுலகத்தோடு கூடுதலாகக் கலந்து பழகியது தெரிந்தது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் சமூக மனநலச் சேவைகள் பற்றி வெளியிட்ட வழிகாட்டியில் இதையும் நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகச் சேர்த்தது.

மறுபக்கத்தில் அரசின் இரவுத் தங்குமிடங்கள் இருக்கின்றன. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் போட்ட உத்தரவுகளுக்குப் பிறகு, நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் என்ற கணக்கு வந்தது. மத்திய அரசின் திட்டம் ஒரு தங்குமிடத்துக்கு ஐம்பது முதல் நூறு பேர், தலைக்கு 50 சதுர அடி என்று அளவு வைத்தது. சென்னை மாநகராட்சி அப்படிப் பல தங்குமிடங்களைத் தொண்டு நிறுவனங்கள் மூலம் நடத்துகிறது. அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளியின் உடனிருப்போருக்கும் இடம் கட்டியிருக்கிறது. மழை இரவில் இதன் அருமை பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் படுத்தவருக்குத் தெரியும். குறை சொல்ல வரவில்லை. ஆனால் 50 சதுர அடியில் ஒரு பாயும் பெட்டியும்தான் அடங்கும். 750 சதுர அடி வீட்டில் ஐந்து பேர் இருந்தால் தலைக்கு 150. மூன்று மடங்கு. கணக்கு அதோடு முடியவில்லை; அந்த இடத்தை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஏன் ஐந்து? ஓர் அடுப்பில் ஒரு குக்கரில் ஆக்கிச் சாப்பிடக்கூடிய எண்ணிக்கை அது. எட்டு, பத்து என்று போனால் சமையலுக்கு முறை வைக்க வேண்டும். முறை வந்தால் சுவரில் பட்டியல் வரும். பட்டியல் வந்தால் அதைச் சரிபார்க்க ஒரு வார்டன் வந்துவிடுவார். வீடு விடுதியாவது இப்படித்தான். அதனால் இப்படி ஒரு வீட்டை வடிவமைப்பவர் முதலில் வரைய வேண்டியது சமையலறையை. இரண்டு பேர் இடிபடாமல் நிற்கவேண்டும், மூன்றாமவர் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி வம்பளக்க வேண்டும். சமையலறைக்குப் பூட்டு போடுகிற இடத்தில் அது வீடில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவருக்கு டீ குடிக்கத் தோன்றினால் யாரையும் கேட்கக் கூடாது.

படுக்கையறைக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது. ஆளுக்கொரு அலமாரி, அதற்குச் சாவி. தெருவில் தலைமாட்டு மூட்டையைக் காத்துக் காத்தே தூக்கம் இழந்தவர்களுக்கு அந்தச் சாவி சின்ன விஷயமில்லை. மூடிய அறையில் தூக்கம் பிடிக்காதவர்களும் இருப்பார்கள், அவர்கள் ஹாலிலோ பால்கனியிலோ படுக்க இடம் வேண்டும். கழிப்பறை குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்று இந்திய முறையில். உதவியாளரின் அறையை வாசலை ஒட்டி வைத்தால் வாட்ச்மேன் அறையாகிவிடும், பின்பக்கம் போகட்டும். தரைத்தளம் நல்லது, வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கலாம். நன்கொடையாளர் பெயரோடு போர்டு மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் போர்டு ஒன்றே போதும், தெருவில் நாலு பேர் கதவைத் தாழிட.

சேர்ந்து வாழ்வது இந்த ஊருக்குப் புதிதா என்ன? மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றி, திருவல்லிக்கேணியில், பழைய தி.நகரில் ‘ஸ்டோர்’ வீடுகள் இருந்தன. நடுவில் முற்றம், ஒரு கிணறு, சுற்றிலும் ஐந்தாறு ஒண்டுக் குடித்தனங்கள். ஒரு வீட்டில் பிரசவம் என்றால் பக்கத்து வீட்டில் கஷாயம் கொதிக்கும். ஏங்கிப் பேச ஆசைதான். ஆனால் காலையில் வாளியோடு ஒரே கழிப்பறை முன் நின்றவர்கள் ஏங்கமாட்டார்கள். அங்கே குடியேறவும் சாதி, குலம் கேட்டார்கள். முற்றத்தை எடுத்துக்கொள்ளலாம், அந்த நிபந்தனையை விட்டுவிடலாம்.

வெளிநாட்டில் வேறு வழி பார்த்தார்கள். நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் 1992-இல் தொடங்கிய ‘முதலில் வீடு’ முறையில் தெருவிலிருந்து வருபவருக்குத் தனி அபார்ட்மென்ட் தந்தார்கள். குடியை விடு, மருந்து சாப்பிடு என்ற நிபந்தனை ஏதும் முன்கூட்டி இல்லை. பின்லாந்து அதை நாட்டின் கொள்கையாகவே ஆக்கியது. அந்தத் தனி வீட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது என்பது என் எண்ணம். பத்து வருடம் துணையில்லாமல் கிடந்தவருக்கு நான்கு சுவரும் தனிமையும் தருவது பாதி உதவிதான். நிபந்தனை போடாத அந்தத் துணிச்சலை மட்டும் கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டும். வீடில்லாத எல்லோரும் மனநோயாளிகளும் இல்லை. பாரிமுனைப் பக்கம் தலைமுறையாக நடைபாதையில் இருக்கும் குடும்பங்களுக்கு வேண்டியது குடும்ப வீடு. அப்படிப்பட்ட குடும்பங்களை ஊர்க்கோடியிலுள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பியதன் விளைவை, வேலைக்காகத் தினமும் அங்கிருந்து நகருக்குள் வந்துபோகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தென்சென்னையில் குழு வீடு பிடிக்க முட்டுவது பணத்தில்தான். மந்தைவெளியிலோ அடையாறிலோ இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு 30,000 ரூபாய் வாடகை சர்வசாதாரணம். ஊர் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் என்றால் 3 லட்சம். 2017-இல் வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. கூடவே, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் சரி என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. ரேஷன் கார்டு, காஸ், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் அந்த முகவரிதான் ஆதாரம் என்பதால், வீடு கைமாறும்போதெல்லாம் மற்றதும் ஆட்டம் காணும். தொண்டு நிறுவனம் எத்தனை வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டும்? அதனால்தான் இப்படிப்பட்ட வீடுகள் வாடகை குறைந்த புறநகரைத் தேடிப் போகின்றன. பேருந்து, மருத்துவமனை, வீட்டு வேலை, பூக்கடை வேலை எல்லாம் இருப்பதோ நகரத்துக்குள்.

பணமில்லை என்று காப்பகத்தையே நம்பியிருக்கவும் முடியாது. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். இன்று சட்டமும் அதை ஏற்பதில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குடும்பம் இல்லை, வீடில்லை, சமூகத்தில் வசதி இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. குழு வீடுகள் உள்ளிட்ட ஏற்பாடுகளைச் செய்வது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது.

எனவே ஒரு வேண்டுகோள். மயிலாப்பூர், ராயப்பேட்டை, அடையாறு பக்கம் அரசு வீட்டு வாரியங்களின் பழைய குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடியாகக் கட்டும் காலம் இது. அப்படி எழும் ஒவ்வொரு பிளாக்கிலும் தரைத்தளத்தில் ஒரே ஒரு வீட்டை ஒதுக்கீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்து, நீண்டகாலக் குத்தகைக்குக் குழு வீடாக வைக்கட்டும் அரசு. தனியார் வீட்டுக்காரர்களிடம் அட்வான்ஸுக்கு மாநகராட்சியே உத்தரவாதம் கொடுக்கட்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.