மருந்தும் பிரார்த்தனையும்

சாயல்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கீழக்கரைக்குப் போகிறவர்கள் ஏர்வாடித் திருப்பத்தைக் கடந்துதான் போகவேண்டும். அங்கே இறங்குகிறவர்களில் பலர் சித்தம் கலங்கிய மகனையோ மகளையோ சகோதரனையோ கைப்பிடித்து அழைத்து வருகிறவர்கள். சுல்தான் சையது இப்ராஹீம் ஷஹீது பாதுஷா அவர்களின் தர்காவில் தங்கிப் பிரார்த்தித்தால் சித்தப்பிரமை நீங்குமென்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. முஸ்லிம்கள் மட்டுமல்ல, ஹிந்துக்களும் வருகிறார்கள். தர்கா விளக்கின் எண்ணெயையும் தண்ணீரையும் மருந்தாகக் கொள்கிறார்கள். வீடு திரும்பலாமென்று கனவில் உத்தரவு வரும்வரையில் மாதக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு.

இந்த நம்பிக்கையைப் பரிகசிப்பது நமது நோக்கமல்ல. ஆயினும் 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி அதிகாலையில் அவ்வூரில் நடந்ததை மறந்துவிட்டு இவ்விஷயத்தைப் பற்றி யாரும் பேச முடியாது. தர்காவைச் சுற்றி முளைத்திருந்த தனியார் மனநோயாளர் விடுதிகளில் ஒன்றில், கொட்டகையில் தீப்பற்றிற்று. உள்ளேயிருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். எழுந்து ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். தீப்பற்றியது கொட்டகையில், கொன்றது சங்கிலி. அந்தச் சங்கிலியைப் பூட்டியது பிரார்த்தனையல்ல. சோற்றுக்கும் இடத்துக்குமென்று குடும்பத்தாரிடம் பணம் வாங்கிக்கொண்டு, வைத்தியர் என்ற பெயரைக்கூட நாடாமல் நடந்த வியாபாரமே பூட்டியது.

சில தினங்களுக்குள் அத்தகைய விடுதிகளைச் சர்க்கார் மூடிற்று. 500-க்கும் மேற்பட்டவர்கள் சர்க்கார் பராமரிப்புக்கு வந்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு 2002 பிப்ரவரியில் பல உத்தரவுகளைப் பிறப்பித்தது. சங்கிலியிடுவது சட்டவிரோதமென்று ஜனங்களுக்கு எடுத்துரைக்க வேண்டுமென்பது அவற்றில் ஒன்று. அதை ஆட்சேபிப்பார் யார்? ஆனால் மனநோயாளிகளை வைத்தியர்களிடம் அனுப்பவேண்டுமேயன்றிக் கோயில், தர்கா போன்ற ஸ்தலங்களுக்கு அனுப்பலாகாதென்றும் பிரசாரம் செய்யச் சொல்லிற்று. இதில்தான் நமக்கு அபிப்பிராய பேதம்.

வைத்தியரிடம் போ என்றால், எந்த வைத்தியரிடம்? பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் 2015-16-இல் நடத்திய தேசீய மனநல ஆய்வின்படி, பலவகை மனநோய்களால் அவதிப்படுகிறவர்களில் 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதவர்கள். சென்னைக் கீழ்ப்பாக்கத்து மனநோய் ஆஸ்பத்திரி 1794-இல் ஏற்பட்டது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும், பனையையும் கரிமூட்டத்தையும் நம்பிப் பிழைக்கும் சாயல்குடிப் பக்கத்துக் குடியானவனுக்கு அது ஒரு ராத்திரிப் பிரயாணம். போதாக்குறைக்கு, வீட்டில் ஒருவருக்குப் பைத்தியமென்று ஊர் அறிந்தால் தங்கைக்கு வரன் வராதென்ற பயம் வேறு. தர்காவுக்குப் போவதில் அவமானமில்லை. போனவனைப் பார்த்து ஊர் சிரிப்பதுமில்லை. இந்த ஒரு காரணத்தைப் புரிந்துகொள்ளாமல் இடும் உத்தரவு காகிதத்தில்தான் நிற்கும்.

பிரார்த்தனையால் பலனுண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். திண்டுக்கல் ஜில்லாவில் முத்துசாமி கோயிலொன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை நிம்ஹான்ஸ் வைத்தியர்கள் பரிசோதித்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற பத்திரிகையில் எழுதினார்கள். சராசரி ஆறு வாரம் தங்கியதில், மருந்தில்லாமலே, நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்தது. பயமுறுத்தாத, ஆதரவான சூழ்நிலையே காரணமென்பது அவர்களுடைய முடிவு. 31 பேர் சிறிய தொகை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டமும் இல்லை. ஆகையால் இதைக் கொண்டு மாத்திரையைக் கீழே போட்டுவிடலாகாது.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் இருதய ரண சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சி 2006-இல் வெளியாயிற்று. அந்நியர்கள் தமக்காகப் பிரார்த்திக்கிறார்களென்று நிச்சயமாக அறிந்தவர்களில் 59 சதவிகிதம் பேருக்குச் சிகிச்சைக்குப் பின் சிக்கல்கள் உண்டாயின. பிரார்த்தனை நடந்தும் அதை நிச்சயமாக அறியாதவர்களில் 52 சதவிகிதம். தூரத்திலிருந்து தபாலில் அனுப்பும் சரக்கல்ல பிரார்த்தனை என்று இதிலிருந்து தெரிகிறது. நோயாளியின் பக்கத்தில் தாயார் உட்கார்ந்திருக்கிறாளே, நாளைக்கு நன்றாகிவிடுவான் என்று நம்புகிறாளே, அங்கேதான் அதன் பலம் இருக்கிறது.

ராமநாமத்தைவிடச் சிறந்த மருந்தில்லையென்று பிற்காலத்தில் ஓயாமல் சொல்லி, 1946-இல் உருளிகாஞ்சன் கிராமத்தில் இயற்கை வைத்தியம் ஆரம்பித்த மகாத்மா காந்தி, 1924 ஜனவரி 12-ந் தேதி பூனா ஸாஸூன் ஆஸ்பத்திரியில் குடல்வால் ரண சிகிச்சைக்கு உடன்பட்டார். கத்தி பிடித்தவர் ஆங்கிலேயரான கர்னல் மாடக். நடுவில் மின்சார விளக்கு அணைந்து, ஹரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வேலை முடிந்தது. பக்தியில் நம்மில் யாருக்கும் குறைந்தவரல்ல அவர்!

ஆகவே, பக்தரை வைத்தியரிடம் துரத்துவதைவிட வைத்தியரை பக்தரிடம் அனுப்புவதே மேல். குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீராதாதார் தர்காவில் 2008-இல் இதைச் செய்தார்கள். தவா, துவா, அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்று அதற்குப் பெயர். ஓதுகிற முஜாவர்களே நோயாளியைப் பக்கத்து அறையிலிருக்கும் டாக்டரிடம் அனுப்புகிறார்கள். ஏர்வாடியிலும் பிற்பாடு இதே முறை வந்தது. 28 உயிர்களுக்குப் பின் வந்த புத்தி என்றாலும் வரவேற்க வேண்டியதே.

சங்கிலி இன்னும் தேசத்தை விட்டுப் போகவில்லை. உத்தரப் பிரதேசத்துப் பதாயூனில் மனநோயாளிகளைச் சங்கிலியிட்டிருந்த விஷயம் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. இத்தனைக்கும் 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, எவ்விதத்திலும் எவரையும் சங்கிலியிடக் கூடாதென்று திட்டமாகச் சொல்லியிருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவை நமது ஊழியர்கள் படித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஜில்லாவிலும் சர்க்கார் மனநோய் வைத்தியம் இருக்கவேண்டும். நோயாளி நெடுந்தூரம் பிரயாணம் செய்ய நேரலாகாது. சமூக சுகாதார நிலையம் முதற்கொண்டு மேலுள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் அத்தியாவசிய மருந்துகள் இலவசம். இவை தர்மமல்ல, பாத்தியதை. சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர் ஊழியர்கள் தங்கள் ஊருக்கு அடுத்த நிலையத்துக்குப் போய், எந்தெந்த மருந்து கையிருப்பில் இருக்கிறது, மனநோய் வைத்தியர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கட்டும். வாங்கியதைக் கோயில் வாசலிலும் தர்கா வாசலிலும் ஒட்டட்டும்.