வலியைத் தணிக்கும் பயிற்சி: இயன்முறை மருத்துவமும் யோகமும்

பெங்களூரின் அல்சூர்ப் பகுதியில், ஏரியை அடுத்து, மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியற் படைப்பிரிவின் தலைமையகம் அமைந்துள்ளது. 1780-ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் இப்படையினர்க்குத் 'தம்பிகள்' என்பது செல்லப் பெயர். அணிவகுத்துத் தேகப் பயிற்சி செய்யும் வீரர்கள் ஒருபுறம்; சோமேசுவரர் கோயிலைச் சூழ்ந்த பழைய தெருக்களில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கும் முதியோர் மறுபுறம். இரு சாராருக்கும் உடலசைவு இன்றியமையாதது. ஆனால் ஒரே வகையான அசைவு இருவர்க்கும் பொருந்தாது. அணிவகுப்பில் ஒரு கட்டளைக்கு நூறு உடல்கள் ஒன்றுபோல் அசையலாம். வலியுற்றவருக்கோ அவருடைய மூட்டின் நிலை, தசையின் வலிமை, வலியின் தன்மை ஆகியவற்றை ஆராய்ந்து, மருந்தை அளந்து கொடுப்பதுபோல அசைவையும் அளந்து கொடுக்க வேண்டும்.

இவ்வாறு அளந்து கொடுக்கும் கலையே பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம். யோகத்தைச் சிகிச்சையாகப் பயன்படுத்துவோரும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவர்களே. இவ்விரண்டில் எது சிறந்தது என்று வாதிடுவோர் பலர். இரண்டையும் இணைத்தால் விளைவது யாது என்று ஆராய்ந்தோர் சிலரே. அத்தகைய ஆராய்ச்சிகளுள் குறிப்பிடத்தக்கவை பெங்களூரிலேயே நடந்துள்ளன.

வலிக்கு ஓய்வே மருந்து என்னும் கருத்து மருத்துவரிடையேயும் நெடுங்காலம் நிலவியது. இடுப்பு வலியுடன் வருவோரைக் கெட்டியான படுக்கையில் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று கிடத்துவது வழக்கமாயிருந்தது. அமெரிக்க மருத்துவர் டெயோவும் அவருடைய துணைவர்களும் 203 நோயாளிகளிடம் இவ்வழக்கத்தைச் சோதித்து, 1986-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினர்க்கு இரண்டு நாள் படுக்கையோய்வு விதிக்கப்பட்டது; மற்றொரு பிரிவினர்க்கு ஏழு நாள். இரண்டு நாள் ஓய்வு விதிக்கப்பட்டவர்கள் வேலைக்குச் செல்லாமலிருந்த நாட்கள் 45 விழுக்காடு குறைவு. பிற வகைகளில் இரு பிரிவினர்க்கும் வேற்றுமை காணப்படவில்லை. கூடுதலாகப் படுத்திருந்த நாட்களால் எவ்விதப் பயனும் விளையவில்லை என்பதே இதன் பொருள்.

இதன் காரணத்தை உடலமைப்பிலேயே காணலாம். மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டில் ஊறும் நீர்மமே அதற்கு உணவு. கால் மடங்கி நீளும்போது குருத்தெலும்பு அழுந்தியும் தளர்ந்தும், நீரில் நனைத்த பஞ்சுபோல அந்நீர்மத்தை வெளிவிட்டும் உறிஞ்சியும் ஊட்டம் பெறுகிறது. அசையாத மூட்டுக்கு இவ்வூட்டம் குறைகிறது. அதனோடு தொடையின் முன்புறத் தசையும் மெலிகிறது. அத்தசை மெலிய மெலிய, அது தாங்கவேண்டிய சுமையும் முழங்காலின் மீதே இறங்குகிறது. வலிக்கு அஞ்சி நடவாதிருப்பவர் இவ்வாறு வலியை வளர்த்துக்கொள்கிறார்.

அச்சத்திற்கும் வலிக்கும் உள்ள தொடர்பு இத்துடன் முடிவதில்லை. மெல்சாக், வால் என்னும் இரு விஞ்ஞானிகள் 1965-இல் ஒரு கொள்கையை வெளியிட்டனர். உடலின் ஓரிடத்தில் தோன்றும் செய்தி அப்படியே மூளையை அடைவதில்லை. முதுகுத் தண்டில் அதற்கு ஒரு வாயில் உண்டு. அவ்வாயிலை மூளையிலிருந்து இறங்கும் செய்திகளும் திறக்கவோ அடைக்கவோ கூடும் என்பது அக்கொள்கை. அதன் நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தப்பட்டன. எனினும் அடிப்படைக் கருத்து நிலைபெற்றது. கவலையும் உறக்கமின்மையும் வலியை மிகுவிப்பதையும், மனம் அமைதியுறும்போது வலி தணிவதையும் இது விளக்குகிறது. இதனைக் கேட்டு, வலியெல்லாம் மனத்தின் கற்பனை என்று முடிவுகட்டுவது பெரும் பிழை. நோயாளிக்கு இழைக்கும் அநீதியும் ஆகும்.

யோகத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவரும் முயற்சி இந்தியாவுக்குப் புதிதன்று. சுவாமி குவலயானந்தர் 1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவியபோதே ஆசனங்களின் விளைவுகளைக் கருவிகளைக் கொண்டு அளக்கத் தொடங்கினார். ஆயினும் நோயாளிகளை இரு பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவை மற்றதனோடு ஒப்பிடும் கடுமையான சோதனைகள் பிற்காலத்திலேயே பெருகின.

பெங்களூருக்குத் தெற்கே ஜிகணியை அடுத்த பிரசாந்தி குடீரத்தில் இயங்கும் விவேகானந்த யோக ஆராய்ச்சி நிறுவனம் அத்தகைய சோதனையொன்றின் முடிவை 2008-இல் வெளியிட்டது. நெடுநாள் இடுப்பு வலியுற்ற 80 பேர் இதில் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினர் ஏழு நாட்கள் ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம், அறிவுரை ஆகியவற்றைப் பெற்றனர். மற்றொரு பிரிவினர்க்கு அதே கால அளவு முதுகுக்குரிய இயன்முறைப் பயிற்சிகள் அளிக்கப்பட்டன. முதுகின் வளையும் திறன் இரு பிரிவினர்க்கும் மேம்பட்டது. யோகப் பிரிவினர்க்குச் சற்று மிகுதி. உட்காருதல், நடத்தல், சுமை தூக்குதல், உறங்குதல் போன்ற அன்றாடச் செயல்களில் நேரும் தடையும் யோகப் பிரிவினரிடம் மிகுதியாகக் குறைந்தது. 2012-இல் வெளிவந்த தொடர்க் கட்டுரையின்படி, யோகப் பிரிவினரின் வலி ஏறத்தாழப் பாதியாயிற்று. மற்றவர்க்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தணிந்தது.

இம்முடிவுகளைக் கொண்டாடுமுன் ஓரிரு செய்திகளை எண்ணிப்பார்த்தல் நலம். சோதனைக் காலம் ஒரு வாரமே. சமையலும் பேருந்துப் பயணமும் அலுவலகமும் இல்லாத ஒரு வளாகத்தில் தங்கியிருந்தோரின் முதுகு, வீடு திரும்பியபின் எவ்வாறிருக்கும் என்பது வேறு வினா. மேலும், மாத்திரைச் சோதனையில் எது மெய்ம்மருந்து, எது வெறும் மாவு என்பதை மறைத்துவிடலாம். ஆசனம் செய்பவரிடம் அவர் செய்வது ஆசனம் என்பதை மறைக்க இயலாது. யோக நிறுவனத்தை நாடி வருவோர் யோகத்தின்பால் நம்பிக்கை கொண்டிருத்தலும் இயல்பே.

முழங்கால் பற்றிய சோதனை இன்னும் பயனுடையது. பெங்களூர் எலும்பு மருத்துவர் ஜான் எப்னேசரும் மேற்கூறிய நிறுவனத்தாரும் சேர்ந்து, முழங்கால் மூட்டுத் தேய்வுற்ற 250 பேரிடம் இதனை நடத்தி, 2011 முதல் முடிவுகளை வெளியிட்டனர். நோயாளிகள் 35 முதல் 80 வயதுக்கு உட்பட்டவர்கள். இரு பிரிவினர்க்கும் முதல் இருபது நிமிடம் ஒரே சிகிச்சை: தோலின்மேல் மின்முனைகளைப் பொருத்தித் தரும் மெல்லிய மின்தூண்டலும், மீயொலி அலைச் சிகிச்சையும். அதன்பின் நாற்பது நிமிடம் ஒரு பிரிவினர் வழக்கமான முழங்கால் பயிற்சிகளையும், மற்றொரு பிரிவினர் மூட்டைத் தளர்த்தும் பயிற்சி, ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம் ஆகியவற்றையும் செய்தனர். இரு வாரம் மருத்துவ நிலையத்தில்; பின்னர் மூன்று மாதம் வரை வீட்டில். நடக்கும்போது தோன்றும் வலி, காலையில் காணும் விறைப்பு, மனக்கவலை ஆகியன யோகம் பயின்றோரிடம் மிகுதியாகக் குறைந்தன. இங்கே இயன்முறை மருத்துவத்தை விலக்கிவிட்டு யோகம் அளிக்கப்படவில்லை. அதன் தொடர்ச்சியாகவே அளிக்கப்பட்டது. செய்தித்தாள்களில் 'யோகத்தால் மூட்டுவலி நீங்கும்' என்று சுருங்கிப்போகும் செய்திகளில் முதலில் உதிர்ந்துவிடுவது இந்த இருபது நிமிடமே.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நீண்டநாள் இடுப்பு வலியுற்ற 320 பேரிடம் நடத்திய சோதனை 2017-இல் வெளிவந்தது. பன்னிரண்டு வாரங்களின் முடிவில் யோகம் இயன்முறை மருத்துவத்திற்குக் குறைந்ததன்று எனக் கண்டனர். அறிவுரை நூல் மட்டும் பெற்றோரைவிட, இவ்விரு பிரிவினரும் வலி மாத்திரையை நாடுவது குறைந்திருந்தது. நாள்தோறும் வலி மாத்திரை விழுங்கி இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்வோர் நம்மிடையே உளராதலின், இதனை மறத்தற்கில்லை.

களப்பணியாளர் சிற்றூர்களில் காண்போர் அனைவரும் பயிற்சிக்கு உரியவரல்லர். இடுப்பு வலியுடன் சிறுநீர் அல்லது மலம் அடங்காமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். காய்ச்சல், காரணமற்ற உடல் மெலிவு, முன்பு புற்றுநோய் கண்டிருத்தல், விழுந்தபின் தோன்றிய வலி ஆகியவையும், சிவந்து சூடேறி வீங்கிய மூட்டும் மருத்துவரின் பார்வைக்கு உரியவை. அவர் ஆராய்ந்து நோயை நிர்ணயித்த பின்னரே பயிற்சி.

பள்ளி ஆசிரியர்க்கு மற்றோர் இடர் உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானப்படி 2015 முதல் ஜூன் 21-ஆம் நாள் உலக யோக தினமாகக் கொண்டாடப்படுகிறது. மைதானத்தில் மாணவரும் பெற்றோரும் வரிசையாக நிற்க, ஆசிரியர் கட்டளையிடுவார். அப்போது அல்சூர் வீரர்களின் அணிவகுப்பு முறை வலியுற்றோர் மீதும் சுமத்தப்படுகிறது. முழங்கால் தேய்ந்த ஒருவர் ஊரார் பார்க்கிறார்களே என்று வச்சிராசனத்தில் அமர முயன்றால், மடங்கிய மூட்டில் அழுத்தம் மிகுந்து வலி பெருகும். அவர் நாற்காலியில் அமர்ந்தபடி காலை நீட்டி, சில நொடிகள் நிறுத்தி, மெல்ல இறக்கலாம். தொடைத் தசைக்கு அது நல்ல பயிற்சி. தலைகீழாக நிற்கும் சிரசாசனம் தனி எச்சரிக்கைக்கு உரியது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவதைக் கண்டனர். கண்ணழுத்த நோய் உடையவரும் கழுத்தெலும்புத் தேய்வு உடையவரும் வரிசையில் உள்ளனரா என்பதைப் பயிற்சி தொடங்குமுன் ஆசிரியர் கேட்டறிதல் வேண்டும்.