கோயிலுக்கும் போங்கள், டாக்டரிடமும் போங்கள்

வீட்டில் ஒருவருக்கு மனநலம் குன்றியதும் கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துப் போகிறீர்கள். அதில் தவறில்லை. டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான்.

வழிபாட்டுத் தலத்தில் தங்கினால் பலன் உண்டா?

ஓரளவு உண்டு. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள், மிரட்டாத சூழல். சில வாரங்களில் நோயின் தீவிரம் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. குறைந்ததே தவிர, தீரவில்லை. மீதிக்கு மருத்துவம் வேண்டும்.

கட்டிவைக்கச் சொன்னால்?

ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடைசெய்கிறது. அதே ஏர்வாடியில் பின்னர் அரசின் ‘தவா-துவா’ (மருந்தும் பிரார்த்தனையும்) திட்டம் வந்தது.

சாமி வந்து ஆடுவது மனநோயா?

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஊரே ஏற்றுக்கொண்ட நம்பிக்கையை மருத்துவம் நோயாகக் கருதுவதில்லை. ஆடி முடித்தவர் வழக்கம்போல வேலையைப் பார்த்தால் கவலை வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது என்றால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரை சாப்பிடுபவர் விரதம் இருக்கலாமா?

முதலில் டாக்டரிடம் கேளுங்கள். லித்தியம் (மனநிலையின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் மருந்து) எடுப்பவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால், ரத்தத்தில் மருந்து கூடி நஞ்சாகலாம். சிலருக்கு வேளையை மாற்றித் தர முடியும். சிலர் விரதத்தையே தவிர்க்க வேண்டியிருக்கும்.

டாக்டர் நம் நம்பிக்கையைக் குறைசொல்வாரோ?

அந்தத் தயக்கத்தால் எதையும் மறைக்காதீர்கள். வேண்டுதல், மந்திரித்தது, கொடுத்த வேர், லேகியம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சில நாட்டு மருந்துகள் மாத்திரையோடு ஒத்துப்போகாது.

குணமானது போலத் தெரிந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். நோய் திரும்பும் ஆபத்து அதிகம். நேர்த்திக்கடனைச் செலுத்துங்கள், மாத்திரையையும் தொடருங்கள்.

யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416க்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம்.